உளவியல் முதுகலைக்கு மதுரையில் ஒரு பயிற்சி மையம்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

மதுரை அண்ணா நகரில், கீழே ஜெராக்ஸ் கடையும் பேக்கரியுமாக இருக்கும் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், இளநிலை உளவியல் இறுதியாண்டு மாணவர்களை முதுகலை நுழைவுத் தேர்வுக்குத் தயார்செய்யும் பயிற்சி மையம் ஒன்று இயங்குகிறது. ஆகஸ்டில் தொடங்கித் தேர்வு வரை நடக்கும் வகுப்புக்குக் கட்டணம் 24,000 ரூபாய். நேர்காணல் பயிற்சியும் விண்ணப்பக் கட்டுரைக்கான உதவியும் வேண்டுமென்றால் மேற்கொண்டு 6,000 ரூபாய். இரண்டையும் கட்டிப் படித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மையத்தின் பெயரைச் சொல்லவில்லை. வேறு ஊர்களில் இதே போன்ற மையங்களில் படித்த தோழிகள் சொல்வதைக் கேட்டால் குறைகளும் நிறைகளும் பெரும்பாலும் பொதுவானவை என்றே தோன்றுகிறது. ஆகவே பெயர்ப்பலகையைவிட உள்ளே என்ன விற்கப்படுகிறது என்பதே சேரப்போகிறவர்களுக்குப் பயன்படும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாடத்துக்காக, குறிப்பாகப் புள்ளியியலுக்காக, இங்கே சேரலாம். எந்தப் படிப்பை எங்கே படிப்பது, படித்து முடித்தால் என்ன ஆகலாம் என்ற வழிகாட்டுதலை நம்பி அந்த மாடிப்படி ஏற வேண்டாம்.

மையம் முதன்மையாகக் குறிவைப்பது, தேசியத் தேர்வு முகமை 2022 முதல் நடத்திவரும் சி.யு.இ.டி. பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வை. டெல்லி, புதுச்சேரி, பனாரஸ் இந்து பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் உளவியல் முதுகலைக்கு இதுவே வாசல். 90 நிமிடத்தில் 75 கேள்விகள்; சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழிவு, தொடாமல் விட்ட கேள்விக்குச் சுழியம்; மொத்தம் 300. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பெரும்பாலும் இளநிலை மதிப்பெண்ணையோ தங்களது சொந்தத் தேர்வையோ வைத்தே சேர்க்கின்றன என்பதால், உள்ளூரிலேயே முதுகலை படிக்க நினைப்பவர்களுக்கு இந்த மையமே தேவையில்லை. இந்தச் சிறு செய்தியை வரவேற்பறையில் யாரும் சொல்வதில்லை என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

உளவியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் மூன்று ஆண்டும் ஆங்கிலப் பாடத்தைப் பருவத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து தேறி வந்த பிள்ளைகள், அறையில் பாதிக்கு மேல் இருந்தோம். இவர்களுக்குத் தெரியாதது உளவியல் இல்லை. ஒரே கருத்தைக் கேள்வித்தாள் வேறு சொற்களில் சுற்றிவளைத்துக் கேட்கும்போது அடையாளம் காண்பதுதான் அவர்களுக்கு வராதது. இந்த இடத்தில் மையம் செய்வது உருப்படியான வேலை. எல்லா ஆசிரியர்களும் தமிழில்தான் விளக்குகிறார்கள். அதன்பின் அதே கருத்தின்மேல் ஆங்கிலத்தில் நான்கைந்து கேள்விகளைப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் உண்மையில் எதைக் கேட்கிறது என்பதை மாணவரையே தமிழில் சொல்லச் சொல்கிறார்கள். எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதும் பழைய குழப்பம், எங்கள் தொகுதியில், அதாவது எங்கள் பேட்சில், இந்த முறையால்தான் ஒழிந்தது. விரும்பத்தகாத ஒன்று நீங்குவதால் ஒரு நடத்தை கூடினால் அது வலுவூட்டல், தண்டனையால் நடத்தை குறைய வேண்டும் என்று தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டால், அந்தக் கேள்வி எந்த வேடத்தில் வந்தாலும் பிடிபட்டுவிடுகிறது.

புள்ளியியல் ஆசிரியரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற பேராசிரியர், எல்லோருக்கும் வெறும் 'ஸ்டாட்ஸ் சார்'. முதல் வகுப்பில் சூத்திரம் எதையும் எழுதாமல், மாட்டுத்தாவணி பூச்சந்தையில் ஒரு வாரத்து மல்லிகை விலை என்று வைத்துக்கொண்டு ஏழு எண்களைப் பலகையில் எழுதினார்: 500, 600, 600, 700, 700, 900, 3000. கடைசி எண் முகூர்த்த நாளுக்கு உரியது. சராசரி போடச் சொன்னார், 1000 வந்தது. "ஆறு நாள் ஆயிரத்துக்குக் கீழதான் வித்திருக்கு. சராசரி ஆயிரம்னு சொன்னா, பூ வாங்க வந்தவங்க நம்புவாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, நடுவில் நிற்கும் 700-ஐ வட்டமிட்டார். இடைநிலை ஏன் வேண்டும் என்பதை மூன்று ஆண்டுக் கல்லூரிப் படிப்பு சொல்லாத தெளிவோடு அந்த வட்டம் சொன்னது. அதோடு நிற்கவில்லை. அதே ஏழு எண்களுக்கு, அவை சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று காட்டும் திட்டவிலக்கம் கணக்கிட்டோம்: 7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 825, 6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 891. எதற்காக ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம் என்ற கேள்விக்கு, இந்த ஏழு நாளே நமக்குத் தெரிய வேண்டிய மொத்த உலகம் என்றால் 7-ஆல் வகுக்கலாம், ஓர் ஆண்டின் விலையை அறிய எடுத்த மாதிரிதான் இந்த ஏழு என்றால், மாதிரியின் சராசரி அந்த ஏழுக்கே நடுவில் உட்கார்ந்துகொள்வதால் விலகல் உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும், அதைச் சரிக்கட்டத்தான் 6 என்று விளக்கினார். பிறகு வந்த கருதுகோள் சோதனை, முதல்வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு எல்லாவற்றுக்கும் இந்த அடித்தளமே போதுமானதாக இருந்தது. கட்டணத்தில் பெரும்பகுதி இந்த ஒருவருக்கே உரியது என்று நான் நினைக்கிறேன்.

அவர் வகுப்பில் கற்றதை வைத்தே மையத்தின் தேர்வு உத்தியைக் கேள்வி கேட்க முடிந்தது என்பது ஒரு வேடிக்கை. மாதிரித் தேர்வுகளை நடத்தும் நிர்வாகப் பிரிவினர், "தெரியாத கேள்வியைத் தொடாதீர்கள், நெகட்டிவ் மார்க் விழும்" என்று ஒவ்வொரு முறையும் எச்சரிப்பார்கள். சுவரிலும் அப்படியே அச்சடித்து ஒட்டியிருக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறித்தால், நான்கில் ஒரு வாய்ப்பில் 4 கிடைக்கும், நான்கில் மூன்று வாய்ப்பில் 1 போகும். கூட்டிக் கழித்தால் கேள்விக்குச் சராசரியாகக் கால் மதிப்பெண் லாபமே தவிர நட்டமில்லை. நிச்சயமாகத் தவறு என்று தெரிந்த ஒரு விடையை நீக்க முடிந்தால் அந்த லாபம் மூன்றில் இரண்டு மதிப்பெண்ணாக உயரும். இரண்டை நீக்க முடிந்தால் ஒன்றரை. ஆகவே ஒரு விடையையாவது அடித்துவிட முடிந்த கேள்வியை வெறுமனே விட்டுவருவது, கையிலிருக்கும் காசைக் கீழே போட்டுவிட்டு வருவதுதான். முழுக் குருட்டாட்டத்தில் ஏற்ற இறக்கம் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது: 20 கேள்விகளை அப்படிக் குறித்தால் சராசரியாக 5 மதிப்பெண் வரும் என்றாலும், மூன்றோ அதற்குக் குறைவாகவோ சரியானால் நட்டம்; அப்படி நேர ஏறத்தாழ 22 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு துணிவதும் தயங்குவதும் அவரவர் விருப்பம். உளவியல் படிப்பவர்களிடம் போய், கணக்கைக் காட்டாமல் பயத்தை மட்டும் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

மாதிரித் தேர்வுகளின் தரம் நன்று. கணினியிலேயே நடக்கிறது, முடிந்ததும் தலைப்புவாரியாக எங்கே சறுக்கினோம் என்று காட்டுகிறது. ஜனவரிக்குப் பிறகு வாரந்தோறும் நடப்பதால் நேரம் பற்றிய அச்சம் போய்விடுகிறது. ஒரு கேள்விக்கு 72 விநாடிதான் என்பது தெரிந்த செய்தி. ஆனால் நீண்ட சூழ்நிலைக் கேள்வி ஒன்றில் சிக்கி நான்கு நிமிடம் கரைவதை ஒருமுறை அனுபவித்தால்தான் அது உறைக்கிறது.

அச்சிட்ட பாடக்குறிப்புகள் வேறு கதை. ஆறு தொகுதிகள், சுழல் கம்பி கட்டியவை, நல்ல தாள். உள்ளடக்கத்தைப் புதுப்பித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன என்பது பிறழ்நிலை உளவியல் தொகுதியைத் திறந்ததுமே தெரிந்துவிடும். மனநோய் கண்டறிதலுக்கு ஐந்து அச்சுகள், அதாவது ஒரே நோயாளியை ஐந்து கோணங்களில் மதிப்பிடும் முறை, என்று அட்டவணை போட்டு இரண்டு பக்கம் விளக்கியிருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு தன் ஐந்தாம் பதிப்பில், 2013-லேயே, அந்த ஐந்து அச்சு முறையைக் கைவிட்டது. அதே பதிப்பில் மனச்சிதைவின் உட்பிரிவுகள் நீக்கப்பட்டன; ஆஸ்பெர்கர் என்ற தனிப்பெயரும் போய் ஆட்டிசம் நிறமாலைக்குள் அடங்கிவிட்டது. குறிப்புகளில் இரண்டும் பழையபடியே இருக்கின்றன. 2022-இல் வந்த திருத்தப் பதிப்பில் நீடித்த துயரக் கோளாறு சேர்ந்ததும், அதே ஆண்டு ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. என்ற நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பு நடைமுறைக்கு வந்ததும் மருந்துக்குக்கூட இல்லை. சமூக உளவியல் தொகுதியில் மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடிக்கவிட்ட 1971-ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு சிறைச்சாலைச் சோதனை, அதன்மேல் எழுந்த கடுமையான விமர்சனங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல், மனித இயல்பின் நிரூபணமாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2015-இல், வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த பெருங்கூட்டு முயற்சியில் 36 சதவீதம் மட்டுமே மீண்டும் குறிப்பிடத்தக்க முடிவைத் தந்தன என்ற செய்தி, முதுகலை நேர்காணலுக்குப் போகிற எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. அதுவும் இல்லை. வரலாற்றுத் தொகுதி மட்டும் பழுதில்லை. லைப்சிக்கில் முதல் உளவியல் ஆய்வகம் 1879, கல்கத்தாப் பல்கலைக்கழக உளவியல் துறை 1916 என்பவை மாறப்போவதில்லை அல்லவா.

குறிப்புகளை நம்பாதவர்களுக்கு மதுரையில் நல்ல மாற்று இருக்கிறது. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் எங்களில் பலருக்கு இரண்டாவது வகுப்பறையாகவே ஆனது. போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கான பகுதியில் இடம் பிடிக்க வேண்டுமானால் காலையிலேயே போய்விட வேண்டும். அரசுப் பணித் தேர்வுக்காரர்கள் நடுவே உளவியல் புத்தகத்தோடு உட்கார்ந்தால், "இதுக்கு என்ன போஸ்டிங்?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார், அதற்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள். மையத்தின் குறிப்பை அட்டவணையாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தலைப்பையும் நூலகத்தில் பாடநூலின் புதிய பதிப்போடு ஒப்பிட்டுப் படித்ததுதான் எனக்கு ஒத்துவந்த முறை. இதற்குச் செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே. பெண்களுக்கு நகரப் பேருந்தில் அதுவும் இல்லை.

மேற்கொண்டு கட்டிய 6,000 ரூபாயில் பாதி உருப்படியானது, பாதி வீண். உருப்படியான பாதி நேர்காணல் பயிற்சி. இதையும் ஸ்டாட்ஸ் சாரே, வெளியிலிருந்து வரும் ஒரு மருத்துவ உளவியலாளரோடு சேர்ந்து நடத்துகிறார். 'ஏன் உளவியல்?' என்ற கேள்விக்கு 'மற்றவர்களுக்கு உதவ' என்று பதில் வந்தால், "நர்சும் உதவுறாங்க, வக்கீலும் உதவுறாங்க. நீ ஏம்மா இங்க வந்தே?" என்று அடுத்த கேள்வி உடனே விழும். ஆனால் அவர் உண்மையில் நேரம் செலவழிப்பது இளநிலைத் திட்ட ஆய்வின்மேல். உசிலம்பட்டித் தோழி ஒருத்தி, தேர்வுப் பதற்றத்துக்கும் தூக்கத்தின் தரத்துக்கும் உள்ள தொடர்பைத் தன் கல்லூரி விடுதி மாணவிகளிடம் ஆய்ந்திருந்தாள். ஆங்கில வினாநிரலைத் தமிழில் கொடுத்ததாக அவள் சொன்னதும் உரையாடல் இப்படிப் போயிற்று:

"தமிழாக்கினது யாரும்மா?"

"நானேதான் சார்."

"வேற யாரையாவது வச்சுத் திரும்ப இங்கிலீஷுக்கு மாத்திப் பாத்தியா?"

"இல்ல சார்."

"அப்ப நீ அளந்தது அவங்க பதற்றத்தையா, உன் தமிழையா?"

அறையில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் எங்களில் பெரும்பாலோர் செய்திருந்ததும் அதுதான். அதன்பின் அரை மணி நேரம், ஓர் அளவுகோலை மொழிமாற்றும்போது உருவாக்கியவரிடம் அனுமதி பெறுவது, இருவர் தனித்தனியாகத் தமிழாக்குவது, மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவது, சிலரிடம் கொடுத்துப் புரிகிறதா என்று பார்ப்பது, தமிழ் வடிவம் எவ்வளவு சீராக அளக்கிறது என்று காட்டும் நம்பகத்தன்மைக் கெழுவைத் தனியாகக் கணக்கிடுவது என்று படிப்படியாக விளக்கினார். நேர்காணலில் இந்தக் குறையை மறைக்கப் பார்க்காமல், "பின்மொழிபெயர்ப்பு செய்யவில்லை, அதனால் முடிவுகளை இந்த அளவுக்குமேல் நீட்டிச் சொல்ல முடியாது" என்று நாமே முந்திக்கொண்டு சொல்வது எவ்வளவு மதிப்பைத் தரும் என்பதையும் சொன்னார். அந்தத் தோழி தன் நேர்காணலில் இதையே சொல்லி இடம் பெற்றாள்.

வீணான பாதி, விண்ணப்பக் கட்டுரைச் சேவை. பெயர், கல்லூரி, திட்ட ஆய்வின் தலைப்பு மூன்றையும் ஒரு படிவத்தில் நிரப்பிக் கொடுத்தால், இரண்டு நாளில் ஆங்கிலக் கட்டுரை கைக்கு வந்துவிடும். எங்கள் தொகுதியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாமே 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்த கொடுமையில் தொடங்கின. 'என் சொந்த ஊருக்கு அருகில்' என்ற தொடர் கம்பத்துக்காரர் கட்டுரையிலும் இருந்தது. அந்தத் துயரத்தை முதல் பத்தியில் அலங்காரமாக வைப்பதே உறுத்துகிறது. அதற்கும் மேல், அதை எழுதியவர்களுக்கு அதற்கடுத்து என்ன நடந்தது என்பது தெரியாது. பயிற்சி நேர்காணலில் மருத்துவ உளவியலாளர் அதைத்தான் கேட்டார். உச்ச நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது, 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடை விதித்தது, ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது ஆகிய எதுவும் கட்டுரைகளில் இல்லை, எழுதியவர்களுக்கும் தெரியவில்லை. நானே உட்கார்ந்து எழுதிய கட்டுரையில் ஆங்கிலப் பிழைகள் இருந்தன. ஆனால் என் திட்ட ஆய்வில் விடைகிடைக்காமல் நின்ற கேள்வி என்ன, அதைத் தொடர எந்த ஆய்வுமுறை தெரிய வேண்டும், அந்தத் துறையில் யார் அதைச் செய்கிறார்கள் என்பவையும் இருந்தன. பிழைகளைக் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியர் காசில்லாமல் திருத்திக் கொடுத்தார்.

இனி, மையத்தின் மிகப் பெரிய குறை. நுழைவாயிலில் ஆளுயரப் பதாகை: 'இரண்டே ஆண்டுகளில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்!' பார்த்தவுடன் பெற்றோர் மயங்கிவிடுகிறார்கள், எம்.எஸ்ஸி. முடித்ததும் மகள் 'டாக்டர் மாதிரி' உட்கார்ந்து நோயாளி பார்ப்பாள் என்று என் அப்பாவே நம்பினார். உண்மை நிலை வேறு. இந்தியாவில் மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், என்று பதிவு பெற்றுப் பணியாற்ற, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம், அதாவது ஆர்.சி.ஐ., ஏற்ற கல்வித்தகுதி வேண்டும். நெடுங்காலமாக அது, உளவியல் முதுகலைக்கு மேல், மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி உள்ள இரண்டாண்டு முழுநேர எம்.பில். பட்டமாகவே இருந்தது, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் அதற்கு நாடறிந்த இடம். ஆக, பதாகை சொல்லும் இரண்டு ஆண்டு, அந்த வழியில் இளநிலைக்குப் பின் குறைந்தது நான்கு ஆண்டு, நடுவே எம்.பில். இடத்துக்கு இன்னொரு கடும் போட்டி வேறு. 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை எம்.பில். பட்டத்தையே நிறுத்தச் சொன்னது. மருத்துவ உளவியல், மனநல சமூகப்பணி ஆகிய இரண்டுக்கு மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை பல்கலைக்கழக மானியக் குழு விலக்கு நீட்டித்தது. இவ்வளவு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருக்கும் துறையில், சேரும் படிப்பின் பெயரில் 'கிளினிக்கல்' என்ற சொல் இருக்கிறதா என்பதைவிட, அந்தக் கல்வி நிறுவனமும் அந்தப் படிப்பும் அந்த ஆண்டில் ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கின்றனவா என்பதை மன்றத்தின் இணையதளத்திலேயே பார்த்துவிடுவதுதான் முதல் வேலை. மையத்தில் இதைப் பற்றி நிர்வாகியிடம் கேட்டபோது, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா, மொதல்ல ஸ்கோர் எடு" என்பதோடு முடித்துக்கொண்டார்.

இன்னொன்று இதைவிடக் கவலைக்குரியது. சி.யு.இ.டி. தேர்வில் மதிப்பெண் வராதவர்களுக்கு மாற்று வழி என்று, தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்ஸி. உளவியல் சேரும்படி ஒரு துண்டறிக்கை கொடுக்கிறார்கள். துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் 2021-இல் வந்தது. நடத்தைசார் சுகாதாரப் பிரிவில் உளவியலாளர்களும் அதில் அடங்குகிறார்கள். அதன் தொடர்ச்சியாக, உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. வேலை பார்த்துக்கொண்டே தபால்வழியில் உளவியல் படித்துவிடலாம் என்பது நம் பக்கத்தில் எத்தனையோ பேர் நம்பியிருந்த பாதை. அது அடைபட்டதைச் சொல்லாமல் பழைய துண்டறிக்கையை அப்படியே கொடுத்துக்கொண்டிருப்பது சோம்பலா, வேறு ஏதேனுமா என்பதை நான் சொல்லப்போவதில்லை. அந்தத் துண்டறிக்கை கைக்கு வந்தால் மடித்துப் பையில் வைக்காமல், தேதியைக் கேளுங்கள்.

அனுபவத்தைப் பற்றியும் மையம் வாய் திறப்பதில்லை. மதுரையிலேயே அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநலத் துறையில் நீண்ட காலமாக இயங்கிவரும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது. இத்தகைய இடங்களில் கல்லூரித் துறைத்தலைவரின் கடிதத்தோடு போய், களப்பணி வாய்ப்பு உண்டா என்று விடுமுறைக்கு முன்பே கேட்டு வைப்பது, பத்து மாதிரித் தேர்வுகளைவிட நேர்காணலில் கைகொடுக்கும். பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான்: ஆறாம் பருவத்தின் கடைசி வாரத்தில் பேராசிரியரின் அறை வாசலில் நிற்காமல், திட்ட ஆய்வு நடக்கும்போதே சொல்லி வையுங்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்கென்று தனித் தொகுப்பும் விற்கிறார்கள். நான் எடுக்கவில்லை; எடுத்த நண்பரின் தாள்களைப் பார்த்தேன். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. பொதுத் தேர்வு 2023 செப்டம்பரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்கி, இரண்டு கட்டுரைகளில் ஒன்று நீக்கப்பட்டுவிட்டது. இவர்களின் மாதிரித் தேர்வோ பழைய, ஏறக்குறைய நான்கு மணி நேர வடிவில், இரண்டு கட்டுரைகளோடு இருக்கிறது. அமெரிக்காவில் உளவியல் பிஎச்.டி.க்கு இளநிலைப் பட்டத்தோடே விண்ணப்பிக்க முடியும், ஆய்வுசார் பிஎச்.டி. இடங்களில் பலவற்றில் கல்விக்கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்கும், சை.டி. எனப்படும் தொழில்முறை முனைவர் படிப்பில் பெரும்பாலும் சொந்தக் காசுதான் என்ற அடிப்படை வேறுபாட்டைக்கூட அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்தத் தொகுப்புக்குக் காசு கட்டாதீர்கள்.

வசதிகளைப் பொறுத்தவரை பெரிய புகார் இல்லை. அறை குளிர்சாதன வசதி கொண்டது, மின்தடையானால் இன்வெர்ட்டர் உண்டு, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. மாலைத் தொகுதி எட்டரைக்கு முடிவதால், வெளியூரிலிருந்து வரும் பெண்கள் மாட்டுத்தாவணிக்கோ பெரியார் நிலையத்துக்கோ போய் அடுத்த பேருந்தைப் பிடித்து வீடு சேரப் பத்து மணி ஆகிவிடும். சீக்கிரம் கிளம்பக் கேட்டால் அனுமதிக்கிறார்கள், ஆனால் கேள்வித்தாள் விவாதம் நடப்பது அந்தக் கடைசி அரை மணியில்தான். பணம் திரும்பப் பெறும் விதி ரசீதின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கிறது: முதல் இரண்டு வாரத்துக்குள் விலகினால் பாதி, அதன்பின் ஒன்றுமில்லை. மூன்று தவணைகளில் கட்ட விடுகிறார்கள். மொத்தமாகக் கட்டினால் 2,000 ரூபாய் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள், தவணையையே எடுங்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அந்த மூன்றும் புள்ளியியல் வகுப்புக்கும், தமிழ் விளக்கத்துக்கும், நேர்காணல் பயிற்சிக்கும். சேர்வதாக இருந்தால் 24,000 ரூபாய் வகுப்பில் மட்டும் சேர்ந்து, நேர்காணல் பயிற்சியைத் தனியாகத் தர முடியுமா என்று பேரம் பேசிப் பாருங்கள்; எங்கள் தொகுதியில் இருவருக்கு 2,500 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். சனி, ஞாயிறு தொகுதியையே கேளுங்கள். ஸ்டாட்ஸ் சார் வார நாட்களில் வருவதில்லை, அந்த வகுப்புகளில் அவருக்குப் பதில் காணொளிதான் ஓடுகிறது.